மகதலேனா மரியாளின் ஆலயமும் மறைந்துபோன மேகமும்

(கழக்கூட்டத்தில் தமிழ்க் கிறிஸ்தவ அன்பர்கள் கூடிய மாலை ஆராதனையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மனிதனுடைய ஆயுளும் அதிகாரமும் அற்பமானவை என்பதை எடுத்துரைக்க, இந்தக் கழக்கூட்டத்திலே ஒரு பிரசங்கி எழுந்து நிற்க வேண்டிய அவசியமே இல்லை. இவ்வூரின் சரித்திரமே அதற்குப் போதிய சாட்சியாக இருக்கிறது. வேணாட்டு அரசர்களையே அஞ்சச் செய்த எட்டு வீட்டுப் பிள்ளைமார் என்னும் பிரபுக்களுள் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. 1729-ல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மர் அந்த எட்டு வீட்டாரையும் அடக்கி ஒழித்தார். ஆடவர் தூக்கிலேற்றப்பட்டனர் என்றும், அவர்களுடைய மாளிகைகளை இடித்து, அவை நின்ற இடங்களிலே குளம் தோண்டினார்கள் என்றும் நாட்டு வழக்குக் கூறுகிறது. ஏவலாளர் கைகட்டி நின்ற முற்றத்திலே தவளைகள் கத்தலாயின என்றால், அதைவிடப் பெரிய நிலையாமைப் பிரசங்கத்தை எவர் செய்ய முடியும்? இன்று அந்தப் பிள்ளைமாரைத் தேடிச் செல்கிறவர்கள், 1891-ல் சி. வி. ராமன் பிள்ளை வெளியிட்ட ‘மார்த்தாண்ட வர்மா’ என்னும் நாவலின் ஏடுகளிலேதான் அவர்களைச் சந்திக்கிறார்கள். பின்னர் இதே ஊருக்கு 1962-ல் சைனிக் பள்ளி வந்தது. 1990-ல் டெக்னோபார்க் தோன்றியது. மார்த்தாண்டத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த நம்மவர் அநேகர், அதன் கண்ணாடி மாடிகளில் இரவைப் பகலாக்கி உழைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்தக் கண்ணாடி மாடிகளும் ஒரு காலத்தில் பழங்கதையாகும் என்பதை அறியாதவர் நம்மில் எவரும் இல்லை.

ஆகவே வாழ்வு நிலையற்றது என்பது நமக்குப் புதிய செய்தி அன்று. எருசலேமில் அரசாண்ட பிரசங்கி அதைப் பெருமூச்சோடு எழுதி வைத்தார். தேவனுடைய மனிதனாகிய மோசே தமது சங்கீதத்திலே அதை ஜெபமாக்கினார். நம் வள்ளுவரும் நிலையாமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். ஆனாலும், சவ அடக்கத்துக்குப் போய் வந்து, தலை முழுகி, ஒரு டம்ளர் காப்பி குடித்து முடிப்பதற்குள் நாம் அதை மறந்துபோகிறோம். மயான வைராக்கியம் என்று முன்னோர் பரிகசித்தது இதைத்தான். நான் இன்று பேச விரும்புவது நிலையாமையைக் குறித்தன்று. நிலையாத இந்த வாழ்வை எவருடைய கையில் ஒப்புவித்தால், எதற்காகச் செலவழித்தால் அதற்கு அர்த்தம் உண்டாகும் என்பதைக் குறித்தே.

உலகம் இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகளைத் தயாராக வைத்திருக்கிறது. சீக்கிரம் போகிற வாழ்வானால், போவதற்குள் சேர்த்துக்கொள், அனுபவித்துக்கொள், உன் பெயரை எங்காவது பொறித்துவை என்பது முதல் விடை. லூக்கா சுவிசேஷத்திலே நம் ஆண்டவர் சொன்ன ஐசுவரியவான் இந்த விடையை நம்பியவன். விளைச்சல் பெருகவே, பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரியவற்றைக் கட்டத் திட்டமிட்டு, தன் ஆத்துமாவோடு தானே பேசி மகிழ்ந்தான். அந்த இரவிலேயே அவன் கணக்கு முடிந்தது. அவன் களவு செய்தான் என்றோ, கூலியைப் பிடித்துக்கொண்டான் என்றோ வேதம் கூறவில்லை. அவனுடைய பேச்சு முழுவதிலும் அவனைத் தவிர வேறொருவரும் இல்லை என்பதே அவன் குற்றம். எல்லாம் மாயை, ஆதலால் எதிலும் மனம் வைக்காதே, எவரிடத்தும் அன்பு வளர்க்காதே, வருவது வரட்டும் என்பது இரண்டாவது விடை. கேட்பதற்கு ஞானம் போல ஒலிக்கும் இந்த விடை, பெரும்பாலும் காயம்பட்ட மனத்தின் கசப்பேயாகும். முதலாமவன் வாழ்வை இறுகப் பிடிக்கிறான். இரண்டாமவன் அதைத் தொடவே மறுக்கிறான். கிறிஸ்தவ விசுவாசம் காட்டும் வழி இவ்விரண்டும் அன்று. வாழ்வை ஈவாகப் பெற்று, ஈவாகவே கொடுத்துவிடுவது அதன் வழி. அதற்கு உதாரணம் தேட நாம் ரோமாபுரிக்கோ எருசலேமுக்கோ போக வேண்டியதில்லை.

இங்கிருந்து மேற்கே கடலை நோக்கிச் சில கிலோமீட்டர் சென்றால் தும்பா வருகிறது. 1960-களின் தொடக்கத்திலே அது தென்னையும் மணலுமாகக் கிடந்த கடற்கரை. அங்கே பள்ளித்துறை மீனவ மக்களின் குடிசைகளும், மகதலேனா மரியாளின் பெயரால் அமைந்த அவர்களுடைய ஆலயமும் இருந்தன. பூமியின் காந்த நடுக்கோடு அந்தக் கரைக்கு மிக அருகே செல்வதனால், வளிமண்டலத்தின் மேற்பகுதியை ஆராய்வதற்கு இதைப் போன்ற இடம் வேறில்லை என்று டாக்டர் விக்ரம் சாராபாயும் அவருடைய சகாக்களும் கண்டார்கள். ஆனால் அவர்களுக்கு வேண்டிய நிலத்தின் நடுவிலே ஆலயம் நின்றது. அந்நாளிலே அங்கு பணியாற்றச் சென்ற இராமேசுவரத்து வாலிபரான அப்துல் கலாம், பிற்காலத்திலே தம் நூலிலும் மேடைகளிலும் அடிக்கடி நினைவுகூர்ந்த வரலாறு இது. சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைராவிடம் சென்று விண்ணப்பித்தார். ஆயர் அங்கேயே விடை கூறிவிடாமல், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வரச் சொன்னார். அன்று சபையாரின் முன்னிலையிலே, விஞ்ஞானிகள் நாடுவதும் தாம் போதிப்பதும் மனித குலத்தின் நன்மையே என்று விளக்கி, ஆலயத்தையும் தமது இல்லத்தையும் அவர்களுடைய வீடுகளையும் இந்தப் பணிக்குக் கொடுக்கலாமா என்று அவர் கேட்டார். சபை முழுவதும் ‘ஆமென்’ என்றது.

அன்பர்களே, இந்த ‘ஆமென்’ இலேசாக வந்த வார்த்தை என்று எண்ணிவிடாதீர்கள். கடலோரத்து மக்களுக்கு ஆலயம் வெறும் கட்டடம் அன்று. குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்த இடம் அது. மணமாலை சூடிய இடம் அது. கடலிலிருந்து மீளாதவனுக்காக அழுது மன்றாடிய இடமும் அதுவே. அலைகளுக்கு அப்பாலிருந்து கரையை நோக்கிப் படகைத் திருப்புகிறவன் முதலிலே தேடுகிற அடையாளமும் ஆலயத்தின் முகப்பே. வேறொரு இடத்திலே ஆலயம் கட்டித் தரப்படலாம். ஆனால் பாட்டனும் பூட்டனும் மண்டியிட்ட தரையை எவராலும் பெயர்த்துக் கொண்டுபோக முடியாது. தாங்கள் கொடுப்பது எதற்குப் பயன்படும், அந்த விஞ்ஞானம் வெல்லுமா தோற்குமா என்பதை எவரும் அவர்களுக்கு உறுதி கூறவில்லை. அந்தப் பணியைச் செய்ய வந்தவர்களும் அதை அறியாதிருந்தனர். பலன் இன்னதென்று அறியாமலே கொடுப்பதுதான் விசுவாசத்தின் இலக்கணம். ஆபிரகாமும் தான் போகும் இடம் இன்னதென்று அறியாமலே அல்லவோ புறப்பட்டான்?

அதன் பின்னர் நடந்தவற்றைக் கவனியுங்கள். ஜெபம் ஒலித்த மண்டபம் விஞ்ஞானிகளின் முதல் ஆய்வுக்கூடமாயிற்று. ஆயரின் அறையிலே வரைபடங்கள் தயாராயின. 1963 நவம்பர் 21-ஆம் தேதி, அமெரிக்காவிலிருந்து வந்த நைக்கி-அப்பாச்சி என்னும் ராக்கெட், அந்த ஆலயக் கட்டடத்திலேயே பாகம் பாகமாகப் பொருத்தப்பட்டு, ஏவுமிடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கே கிரேன் அதைத் தூக்கும் வேளையில், ஹைட்ராலிக் அமைப்பிலே கசிவு ஏற்பட்டு ராக்கெட் ஒருபுறமாகச் சாயலாயிற்று. பொழுதோ சாய்ந்துகொண்டிருந்தது. கூடியிருந்தவர்கள் தங்கள் தோள்வலியினாலேயே அதைத் தூக்கி நிறுத்தினார்கள். அந்தி மயங்கும் நேரத்தில் ராக்கெட் சீறி எழுந்தது. சற்று நேரத்திற்கெல்லாம், அது உயரே கொண்டுபோய்ச் சிதறிய சோடியம் ஆவி, இருண்டுவரும் வானத்திலே செம்மஞ்சள் நிற மேகமாக விரிந்தது. பல ஊர்களில் மக்கள் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்து வியந்தார்கள். பின்பு அந்த மேகம் நெளிந்தது, நீண்டது, வெளிறியது, இல்லாமலே போயிற்று. அதன் ஆயுள் சில நிமிஷங்களே.

மனிதனுடைய ஜீவன் நிலைத்து நில்லாத புகைக்கு ஒப்பானது என்று அப்போஸ்தலனாகிய யாக்கோபு தம்முடைய நிருபத்திலே எழுதியிருப்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம் தும்பாவின் மேகம் என் சிந்தையிலே எழுகிறது. விஞ்ஞானிகள் அந்த மேகத்தை வெறும் வாணவேடிக்கையாக விடவில்லை. வெவ்வேறு இடங்களிலிருந்து அதைப் புகைப்படமெடுத்து, அது எத்திசையில் எவ்வளவு வேகமாக இழுபட்டுச் சென்றது என்பதைக் கணக்கிடுவதே அவர்களுடைய முறை. எவர் கண்ணுக்கும் புலப்படாமல் மிக உயரத்திலே வீசும் காற்றை அந்த மேகம் காட்டிக்கொடுத்தது. அது கலைந்துபோனது அதன் குறையன்று. காற்றுக்கு இணங்கிக் கலைந்ததனாலேயே அது தன் வேலையைச் செய்தது. இறுகிக் கல்லாகிப் போயிருந்தால் காற்றைக் குறித்து அது எதையும் சொல்லியிராது. நம்முடைய ஆயுளும் இப்படிப்பட்டதே. அது நீண்டதா குறுகியதா என்று கேட்பதைவிட, கண்ணுக்குத் தெரியாத தேவனுடைய அன்பு இவ்வுலகில் எத்திசையில் வீசுகிறது என்பதை, நம்மைப் பார்க்கிறவர்கள் நம் வாழ்விலிருந்து கண்டுகொள்ள முடிகிறதா என்று கேட்பதே தகும். ஆவியினால் பிறந்தவனை ஆண்டவர் நிக்கொதேமுவுக்குக் காற்றைக் காட்டி விளக்கியதும் வீணன்று.

அந்த மேகத்தைக் கண்டவர்களும் அதை உண்டாக்கியவர்களும் எவ்வளவு விரைவாகக் கடந்துபோனார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். ராக்கெட்டை அளித்த நாட்டின் ஜனாதிபதி கென்னடி மறுநாளே டல்லஸ் நகரத்திலே சுட்டுக் கொல்லப்பட்டார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1971 டிசம்பர் 30-ஆம் தேதி, இங்கிருந்து வெகுதூரமில்லாத கோவளத்திலே, 52-ஆம் வயதில் சாராபாய் உறக்கத்திலேயே காலமானார். 2015-ல் ஷில்லாங்கிலே மாணவர் முன்னிலையில் உரையாற்றிக்கொண்டிருந்தபோதே கலாம் சரிந்து விழுந்தார். அவரவர் மேகம் அவரவர் வேளையிலே கலைந்தது. ஆனால் கொடுக்கப்பட்டது கொடுக்கப்பட்டதாகவே நிற்கிறது. 1968-ல் தும்பா ஏவுதளம் ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணிக்கப்பட்டு, பல தேசத்து விஞ்ஞானிகளுக்கும் பொதுவாயிற்று. பழைய ஆலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக நிற்கிறது. புயலை முன்னறிவிக்கும் செயற்கைக்கோள்களை இத்தேசம் இன்று வானில் நிறுத்தியிருக்கிறதென்றால், அந்தப் பெருமுயற்சியின் முதற்படி ஒரு மீனவச் சபையின் ஜெப மண்டபத்திலே வைக்கப்பட்டது.

அந்த ஆலயம் மகதலேனா மரியாளின் ஆலயம் என்பதிலே எனக்கு ஓர் ஆழ்ந்த பொருத்தம் தோன்றுகிறது. வாரத்தின் முதல் நாள் அதிகாலையிலே, இருட்டோடே கல்லறைக்கு வந்தவள் அவள். அவள் தேடியது ஓர் உடலை. சுகந்தமிட்டு, பத்திரப்படுத்தி, அழுவதற்கு ஓரிடம் இருந்தால் போதும் என்றே வந்தாள். உயிர்த்தெழுந்தவர் அவளுடைய பெயரைச் சொல்லி அழைத்தபோது அவள் அவரை அறிந்துகொண்டாள். அறிந்த அந்த நொடியிலேயே, தம்மைப் பற்றிக்கொண்டிராமல் சகோதரரிடத்திலே போய்ச் சொல்லும்படி அவர் பணித்தார். இதைவிடக் கடினமான கட்டளை உண்டோ? இழந்துவிட்டோம் என்று அழுத பொருள் திரும்பக் கிடைத்த வேளையிலே, அதை விட்டு எழுந்து ஓடச் சொல்கிறார்! ஆனால் அவள் ஓடினாள். ஓடியதனால்தான் உயிர்த்தெழுதலின் செய்தி உலகத்துக்கு வந்தது. அவள் அங்கேயே அவருடைய பாதங்களைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால், அது அவள் ஒருத்தியின் ஆறுதலோடு முடிந்திருக்கும். எந்தப் பரிசுத்தவதியின் பெயரால் அந்த மீனவர் தங்கள் ஆலயத்தை அழைத்தார்களோ, அவளுக்குக் கிடைத்த கட்டளைக்கே அவர்களும் கீழ்ப்படிந்தார்கள்.

ஆயினும் இந்தக் கொடுத்தலை நம்முடைய புண்ணியமாகக் கணக்கு வைப்பதற்கு இடமில்லை. முதலிலே கொடுத்தவர் அவர். பூமியிலே அவர் வாழ்ந்த காலம் ஏறக்குறைய முப்பத்துமூன்று ஆண்டுகள். அதிலே ஜனங்களுக்குப் போதித்தது ஏறத்தாழ மூன்றே ஆண்டுகள். கோதுமை மணி நிலத்தில் விழுந்து சாகாவிட்டால் தனித்தே கிடக்கும் என்று சொன்னவர், தாமே அந்த மணியாக விழுந்தார். மூன்றாம் நாளிலே எழுந்தவருடைய சரீரத்திலே ஆணித் தழும்புகள் அப்படியே இருந்தன என்பதை நாம் கவனிக்க வேண்டும். மரணத்தை ஜெயித்தவருக்குத் தழும்புகளை மறைப்பது அரிதா? அன்பினால் பட்ட காயம் ஒன்றும் நித்தியத்திலே அழிந்துபோவதில்லை, அது மகிமையிலே ஏற்றுக்கொள்ளப்படுகிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. இந்த நம்பிக்கையினாலேதான் பவுல், உயிர்த்தெழுதலைப் பற்றிய நெடிய அதிகாரத்தை முடிக்கும்போது, கர்த்தருக்குள் படும் பிரயாசம் விருதாவாகாது என்று கொரிந்தியருக்குத் தைரியம் கூறினார்.

நம் நாட்டிலேயே இதற்கு இன்னொரு சாட்சி உண்டு. எட்டு வீட்டாரை அடக்கிய அதே மார்த்தாண்ட வர்மரின் அரண்மனையிலே உத்தியோகத்திலிருந்தவர், 1712-ல் நட்டாலத்திலே பிறந்த நீலகண்ட பிள்ளை. அவருடைய குடும்பத்திலே நஷ்டமும் துயரமும் சூழ்ந்த காலத்திலே, குளச்சல் யுத்தத்தில் சிறைப்பட்டுப் பின்பு அரசருடைய படைத்தலைவராக உயர்ந்த டி லனாய், யோபின் சரித்திரத்தை அவருக்கு எடுத்துச் சொன்னார் என்பர். 1745-ல் வடக்கன்குளத்திலே ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார்; 1749-ல் சிறைப்பட்டார்; 1752 ஜனவரி 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையிலே சுட்டுக் கொல்லப்பட்டார். வயது நாற்பது நிரம்பவில்லை. கிறிஸ்தவராக வாழ்ந்த காலம் ஏழாண்டு கூட இல்லை. உத்தியோகம் போயிற்று, மானம் போயிற்று, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக நகைப்புக்கிடமாக நடத்தினார்கள். 2022 மே 15-ஆம் தேதி கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. நாம் எந்தச் சபையைச் சேர்ந்தவர்களாயினும், அவருடைய குறுகிய வாழ்வு குமரி நாட்டு விசுவாசிகள் அனைவருக்கும் பொதுச் சொத்தே.

இவ்வளவையும் கேட்டு, உங்களில் சிலர் உள்ளத்திலே ஒரு வினா எழக்கூடும். தானாக மனமுவந்து கொடுத்தவர்களைப் பற்றிப் பேசினீர். பறிக்கப்பட்டவர்களுக்கு என்ன சொல்கிறீர் என்று. 2017 நவம்பர் இறுதியிலே ஒக்கி புயல் அடித்த இரவை இந்தக் கரையும் குமரிக் கரையும் மறக்க முடியுமா? பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் தூத்தூரிலும், கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவே இல்லை. அடக்கம் செய்வதற்கு உடல் கூடக் கிடைக்காத குடும்பங்கள் இருக்கின்றன. அந்தத் தாய்மாரிடத்திலே போய், எல்லாம் நன்மைக்கே என்று எளிதாக ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு வருவதற்கு எனக்கு நா எழாது. லாசருவின் கல்லறையருகே நம் ஆண்டவர் என்ன செய்தார்? இன்னும் சற்று நேரத்திலே அவனை எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்தும், அவர் அழுதார். விளக்கம் சொல்வதற்கு முன்னே அழுவதற்கு நம் விசுவாசம் நமக்கு அனுமதி தருகிறது. காரணத்தை நாம் அறிவதில்லை. ஆனால் கடலிலே போனவனை அறிந்தவர் ஒருவர் உண்டென்றும், சமுத்திரமும் தன்னிலுள்ளோரை ஒரு நாள் ஒப்புவிக்கும் என்றும் வேதம் சொல்வதைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தாயின் பக்கத்திலே உட்காருகிறோம்.

அந்தப் புயல் அடித்து ஒன்பது மாதம் ஆவதற்குள், 2018 ஆகஸ்டிலே கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. அப்போது தங்கள் படகுகளை லாரிகளிலே ஏற்றிக்கொண்டு, செங்கன்னூர் முதலான உள்நாட்டு ஊர்களுக்கு விரைந்தவர்களிலே இந்தத் திருவனந்தபுரம் கரையின் மீனவரும் இருந்தார்கள். துக்கம் ஆறாத கடற்கரையிலிருந்து போனவர்கள் அவர்கள். பிழைப்புக்கு ஆதாரமான படகு மதிலிலும் மரத்திலும் மோதிச் சிதையக்கூடும் என்று அறிந்தே அதை வெள்ளத்தில் இறக்கினார்கள். மலப்புறத்திலே, படகில் ஏற முடியாமல் தவித்த பெண்களுக்காக ஒரு மீனவர் தண்ணீரிலே குனிந்து, தம் முதுகையே படியாக்கிக் கொடுத்த காட்சியை நாடே பார்த்தது. அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். நல்ல சமாரியனும் யூதன் அல்லன் என்பதை நினைத்துக்கொண்டு, அந்த முதுகுக்கு முன்னே நாமும் தலைவணங்குவோமாக.

இனி உங்களிடத்திலே வருகிறேன். நீங்கள் ஆலயத்தைக் கொடுக்கும்படி இன்று எவரும் கேட்கவில்லை. காற்றாடிமலைக்கு ஏறும்படியும் கேட்கவில்லை. உங்களிடத்திலே கேட்கப்படுவது வேறு. வேலை, பதவி உயர்வு, வீட்டுக் கடனின் மாதத் தவணை, அயல்நாட்டு விசா ஆகிய இவையெல்லாம் தவறானவை அல்ல. உழைப்பு கர்த்தர் தந்த ஆசீர்வாதமே. ஆனால் இவற்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருக்கிறவனுக்கு, தேவன் வேறொன்றைக் கொடுக்க விரும்பினாலும் வாங்குவதற்குக் கை ஏது? உன் பிராயத்தின் வருஷங்கள் எவ்வளவு என்று உனக்குத் தெரியாது. இந்த வாரத்தின் மணிகள் எவ்வளவு என்று தெரியும். அவற்றிலே சிலவற்றையாவது, உனக்குத் திரும்பச் செய்ய முடியாத ஒருவருக்குக் கொடு. உன் அலுவலகத்தின் வாசலிலே இரவெல்லாம் விழித்திருக்கும் காவலாளியின் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஊரிலிருந்து வந்து, மலையாளம் தெரியாமல் மருந்துச் சீட்டோடு நிற்கும் நம் தமிழ்ப் பெரியவருக்குத் துணை நிற்கலாம். பேசாமல் விட்ட அண்ணனுக்கோ அத்தைக்கோ இன்றைக்கே போன் செய்து சமாதானம் ஆகலாம். சூரியன் அஸ்தமிக்கும்வரை கோபத்தை வைத்திராதே என்பது, ஆயுள் எவ்வளவு சுருக்கம் என்பதை அறிந்த ஒருவர் எழுதிய வார்த்தை.

இவையெல்லாம் சிறிய காரியங்கள் என்று அலட்சியம் செய்யாதீர்கள். கிறிஸ்துவின் கையிலே ஒப்புவிக்கப்பட்ட எந்தச் சிறிய காரியமும் வீணாய்ப்போனதாகச் சரித்திரம் இல்லை. ஆகையால், என் பிரியமானவர்களே, நாளைக்கென்று தள்ளி வைக்காமல், உங்களுக்கு அருமையான ஒன்றை, நேரமோ பணமோ பழைய பகையோ, இந்த வாரமே அவர் பெயரால் கையைவிட்டு விடுங்கள்; மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.